தெற்கு மூலை

“ஏட்டி அனுசியா! உன் வயக்காட்டு மண்ணைக் கொட்ட என் நிலந்தான் கிடைச்சுதா?”

பைக்குக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் வரப்பில் சாய்த்துவிட்டு இறங்கினார் வேல்ராஜ். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஜேசிபி நின்றது. குற்றாலம் ரோட்டில் போன ஆட்டோ ஒன்றும் வேடிக்கை பார்க்க நின்றது.

மூன்று வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் பேசுகிற முதல் பேச்சு இதுதான்.

அய்யா காலமானதும் பெரியவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இந்த ரோட்டோர வயல் தங்கைக்கு விழுந்தது. பழைய குற்றாலம் போகிற வழியில் இருக்கும், கல்லும் சரளுமான மேடு அண்ணனுக்கு. “வயல்ல பாதி எடுத்துக்கிடுங்கண்ணே” என்று அனுசியா அப்போதே சொன்னாள். வேல்ராஜுக்கு வந்ததே ரோஷம்!

“உன் வயல்ல இருந்து ஒரு பிடி மண்ணுகூட எனக்கு வேண்டாம்!”

ஊர் முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். அப்புறம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த வயலில்தான் இப்போது அனுசியா டர்ஃப் போடுகிறாள். செயற்கைப் புல் விரித்து, பையன்கள் வாடகை கொடுத்துப் பந்து விளையாடும் மைதானம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். அவருடைய பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு இவள் வேலை வாங்குகிறாள்.

வயலோ சுத்தக் களிமண். சாரல் விழுந்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதன் மேல் புல்லை விரித்தால் மைதானம் மேடும் பள்ளமுமாகிவிடும். அதனால் ஒன்றரை அடிக்குக் களியை வாரி எடுத்துவிட்டு, ஜல்லியும் கிரஷர் பவுடரும் கொட்டி, ரோலர் ஓட்ட வேண்டும். வாரிய களிதான் நேற்றிலிருந்து டிப்பர் டிப்பராக வேல்ராஜின் மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“தண்ணி நிக்கணும்னு அய்யா சேறு கலக்கித் தொழி அடிச்ச வயலு. தண்ணி நிக்கக் கூடாதுன்னு நீ தோண்டுத. தோண்டித் தொலை! அந்தக் குப்பையை எதுக்குட்டி என் நிலத்துல கொட்டுத?”

“கொட்டுவேன்.” அனுசியா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “இன்னைக்கும் கொட்டுவேன், நாளைக்கும் கொட்டுவேன். என்ன செஞ்சிருவீங்க?”

“கேஸ் குடுப்பேன்!”

“ஏட்டையாதானே நீங்க? நீங்களே எழுதிக்கிடுங்க.”

ஜேசிபிக்காரன் சிரித்துவிட்டான். வேல்ராஜுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

காண்ட்ராக்டர் சந்தோஷ்குமார் குறுக்கே வந்தார். “சார், மேடம் எதுக்கு அங்கன கொட்டச் சொல்லுதாங்கன்னா…”

“நீங்க ஜல்லி வந்துட்டுதான்னு பாருங்க” என்று அவர் வாயை அடைத்தாள் அனுசியா.

ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை. “கூடப் பிறந்த அண்ணன்கிட்ட இப்படியாம்மா பேசுதது?”

“சும்மா கிடக்க மேட்டுலதானே கொட்டுதேன்? அங்கன இவுக தோப்பா வச்சிருக்காக?”

சுருக்கென்று தைத்தது வேல்ராஜுக்கு. தோப்பு வைக்கத்தானே ஆசைப்பட்டார்! ஓய்வு பெற்ற கையோடு எலுமிச்சை வைத்தார், காய்ந்தது. மறுபடி வைத்தார், அதுவும் காய்ந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சரளுக்குள் இறங்கி எங்கோ போய்விடும். வெளியே சொன்னால் வெட்கம் என்று மூடி மறைத்திருந்தார். அதை இவள் நடுரோட்டில் போட்டு உடைக்கிறாளே!

பைக்கைக் கிளப்பினார். மேட்டில் டிப்பர் பின்பக்கத்தைத் தூக்கப் போகிற நேரம், குறுக்கே போய் நின்றார்.

“எடுலே வண்டியை!”

டிரைவர் முத்துகுமரன் பதறிப்போய் இறங்கினான். “அண்ணாச்சி, இந்த லோடை மட்டும் கொட்டிக்கிடுதேன். இது மேல் மண்ணு. இதை வேற எங்கயும் கொட்டினா அக்கா என்னைக் கொன்னுருவாங்க.”

“குப்பையில என்னலே மேல் மண்ணு, கீழ் மண்ணு?”

“தண்ணி நிக்கதுக்கு அடிக்களியை முதல்ல கொட்டிச் சரளோட சேத்து உழணுமாம். எரு போட்ட மேல் மண்ணைத் தனியா வெட்டி ஒதுக்கி வச்சு, கடைசியில மேலாப்ல பரத்தணுமாம். செங்கல் சூளைக்காரரு பணத்தோட வந்து நின்னாரு. ஒரு கூடை தர மாட்டேன்னு விரட்டிட்டாங்க.”

வேல்ராஜ் திரும்பிப் பார்த்தார். மேட்டின் வடக்குப் பாதியில் டிராக்டர் உழுத சால் ஓடிக் கிடந்தது. அதன் மேல் கறுப்பாக, சீராகப் பரத்திய மண். தெற்குப் பக்கம் இன்னும் வெறும் சரளாகக் கிடந்தது. வந்த கோபத்தில் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை அவர்.

“இதை என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சா என்னலே?”

முத்துகுமரன் தலையைச் சொறிந்தான். “நானும் கேட்டேன் அண்ணாச்சி. ‘குடுத்தா எங்கண்ணன் வாங்க மாட்டாரு. வம்புக்குக் கொட்டினாத்தான் உண்டு’ன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க.”

வேல்ராஜ் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அய்யாவின் வயல் மண். கையில் ஒட்டிக்கொண்டது. கண் கலங்கியது. டிரைவர் பார்த்துவிடுவானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மண்ணைக் கீழே போடாமலே மற்ற கையால் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க. கேஸ் குடுத்தாச்சா?” என்றாள் அனுசியா.

“ஏட்டி! நீ நெசமாவே நம்ம அய்யாவுக்குப் பொறந்தவளா இருந்தா, தெக்கு மூலையிலயும் கொட்டிப் பாருட்டி!”