இரும்புக் கால்

எனக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிளில் தொங்காட் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

மோட்டாரைச் சாய்த்து நிறுத்துகிற இரும்புக் காலுக்கு இங்கே அதுதான் பெயர். அதை மடக்க மறந்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்து திரும்பினால், தரையில் முட்டும். அப்புறம் ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

ஹார்ன் அடித்தேன். தொழிற்சாலைச் சட்டையும் முதுகுப் பையுமாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பையன் திரும்பவே இல்லை. காதில் பாட்டு ஓடுகிறது போலிருக்கிறது.

பெக்கான் நானாஸ் டவுனுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். அதற்கு முன்னால் கோயில் பக்கம் ஒரு இடது திருப்பம் வரும். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் திரும்புவார்கள்.

அவனை எட்டிப் பிடிக்க நானும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

என் கைப்பையில் ஒரு ஃபாரம் இருந்தது. என் மகள் ஷர்மினிக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது. மோட்டார் லைசென்ஸ் வேண்டுமாம். அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்து வைத்திருக்கிறாள், எமகாதகி. அவள் அப்பா கனகராஜ், "நீயே பாத்துக்கோ" என்று நழுவிவிட்டார்.

இன்று கடைசி நாள். கையெழுத்துப் போடுவதில்லை என்று காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

பின்னே என்ன? மணல் லோரி ஒரு பக்கம், செம்பனை லோரி ஒரு பக்கம். மழை பெய்தால் எது குழி, எது ரோடு என்று தெரியாது. பெற்றவள் எப்படி நிம்மதியாக இருப்பது?

ஆனால் இருபது வருஷமாக நானே மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறேன். அதை அவள் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றவளுக்குத்தான் தெரியும், நினைத்தவுடன் சாவியைத் திருகிக் கிளம்புகிற சுகம். மழை விட்ட காலையில் அன்னாசித் தோட்டத்து வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்துவிடும். பல் கிளினிக் கவுண்டரில் போய் உட்காரும்வரை, அந்தப் பதினைந்து நிமிடம் முழுக்க முழுக்க எனக்கு மட்டும் சொந்தம். அதைப் போய் மகளுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டான். ஏதோ ஒரு ஆன்ட்டி ரேஸுக்கு வருகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் வேகமாகப் போனான்.

அடப் பாவி!

அறுபதைத் தாண்டாதவள் நான். முள் எண்பதைத் தொட்டது.

அவனுடைய இடது சிக்னல் மின்ன ஆரம்பித்தது.

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, வலப்பக்கமாக ஏறி அவனோடு ஒட்டிப் போய், இடது கையை நீட்டி அவன் வண்டியின் இரும்புக் காலைக் காட்டினேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று தெரியாததால், தம்பி என்று மலாயிலேயே கூப்பிட்டுக் கத்தினேன்.

"டிக்! தொங்காட்! தொங்காட்!"

குனிந்து பார்த்தான். குதிகாலால் ஒரு தட்டு. இரும்புக் கால் மடங்கியது. அடுத்த நொடியே இடப்பக்கம் சாய்ந்து திரும்பினான்.

திருப்பத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான். சட்டையில் மாஹிர் என்று பெயர் தைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினான்.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க மட்டும் சொல்லலன்னா..." என்றவன், என் முகவாயைப் பார்த்து நிறுத்தினான். "அலமாக்! ஆன்ட்டி, ஹெல்மெட் பக்கிள் போடலையே நீங்க!"

தொட்டுப் பார்த்தேன். வார் தொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து யோசனையிலேயே காலையில் மறந்திருக்கிறேன். இந்த லட்சணத்தில் எண்பதில் வந்து இன்னொருவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் சிரித்தான். ஆனால் நான் பக்கிளை மாட்டி, டக்கென்று சத்தம் கேட்கும்வரை நகரவில்லை.

அவன் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. கேட்டு வாங்கினேன்.

மோட்டார் சீட்டிலேயே ஃபாரத்தை விரித்து, சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் போட்டேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், இதே ரோட்டில், மோட்டாரில் போய்க்கொண்டிருந்த எங்களை ஒரு மீன் வேன்காரர் துரத்தி வந்தார். ஓயாமல் ஹார்ன். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கனகராஜும் வேகமாக ஓட்டினார். கடைசியில் அந்த மனிதர் பக்கத்தில் வந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "பாங், தொங்காட்!" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கத்திவிட்டுப் போய்விட்டார். பெயர் தெரியாது. நன்றிகூடச் சொல்லவில்லை.

இத்தனை வருஷமும் அந்த நாளை நினைத்தால் எனக்கு அந்த இரும்புக் கால்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு அந்த மனிதரின் முகம் வந்தது. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து பார்த்த அவருக்கு மோட்டாரில் இரண்டு பேர்தான் தெரிந்திருப்போம்.

எனக்கு அப்போது எட்டாவது மாதம்.