ஒருவர் போதும்

“தப்பா நினைக்காதீங்க சார், இவனை ஒரு நிமிஷம் பிடிங்க!”

ஆய்வுக்கு வந்த அதிகாரி வாய் திறப்பதற்குள் ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் அவர் கையில் இருந்தான். கொடுத்தவர் அந்தக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் அம்மா. கொடுத்த வேகத்தில் பால் பாட்டில்களைக் கழுவப் போய்விட்டார்.

அதிகாரி வந்த காரியம் சின்னதுதான். காப்பகத்தில் பத்துக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இருவருக்கும் அரசாங்கம் சம்பளம் தந்துகொண்டிருந்தது. ‘பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் போதும்’ என்று அலுவலகத்திலேயே டைப் அடித்து எடுத்து வந்திருந்தார். ஒப்புக்கு எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், அடுத்த மாதத்திலிருந்து ஒரு சம்பளம் மிச்சம்.

“உங்ககூட வேலை பாக்கறவங்க எங்கம்மா?”

“அவ இல்லைன்னு வெச்சுக்குங்க சார். நீங்க சம்பளத்தை நிறுத்தினா அவ இருக்கவா போறா? அப்புறம் நான் ஒருத்தி எத்தனை நாள் தாங்குவேன்? இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். பத்து வீட்டு அம்மாக்களும் வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரணும்.”

“சும்மா பயமுறுத்தாதீங்கம்மா. நாலு தூங்குது, அஞ்சு விளையாடுது, ஒண்ணு என் கையில சமத்தா இருக்கு. இதுல என்ன பெரிய வேலை?”

அந்தச் சமத்து அவர் சட்டையை நனைத்தது.

“ஐயையோ!”

“அது காஞ்சிடும் சார். இங்க ஒருத்தி பெரிய வேலையே பண்ணிட்டா. நான் கழுவி விட்டுட்டு வந்துடறேன். மத்த ஒன்பதையும் பாத்துக்குங்க. அஞ்சே நிமிஷம்!”

அதிகாரியும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்தான். வளர்த்ததெல்லாம் மனைவி. இவர் பேர் வைத்ததோடு சரி.

முதல் நிமிஷம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது நிமிஷத்தில் தூங்கிய நாலில் ஒன்று சிணுங்கியது. ஒன்று சிணுங்கினால் மற்றவை சும்மா இருக்குமா? நாலும் கச்சேரியைத் தொடங்கின. அவர் தொட்டிலை ஆட்ட ஓடினார். அந்த நேரம் பார்த்து ‘புயல்’ என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி ஜன்னல் கம்பியில் ஏறினாள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஒருவன் சிவப்புக் க்ரேயானைப் பாதி தின்றிருந்தான். யாரைப் பார்த்தாலும் முறைக்கும் ‘ஜட்ஜ்’ என்ற பொடியன், சாத்தியிருந்த பின்னறைக் கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி அவனைத் தூக்கி வந்து உட்கார வைத்தார். அவன் மறுபடியும் போய்த் தட்டினான்.

“அம்மா! யாராவது வாங்கம்மா!”

குளியலறையிலிருந்து பதில் வந்தது. “யார் சார் வருவா? உங்க கணக்குப்படி இங்க நான் ஒருத்திதானே!”

அம்மா வந்ததும் அவர் ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தார். விட்டால்தானே! பழம் மசிக்க ஒரு கை, ஊட்ட ஒரு கை, வாயைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஊட்டி முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் துணி மாற்ற வேண்டும். மாற்றி நிமிர்ந்தால் தலைகளை எண்ண வேண்டும். இரண்டு தடவை எண்ணியும் ஒன்பதுதான் வந்தது. பதறிப் போய்த் தேடினால், பத்தாவது அவர் இடுப்பிலேயே இருந்தது.

பதினொன்றரைக்குப் பத்தும் ஒருவழியாக அடங்கின. அதிகாரி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு வந்த மனிதர் போலவே இல்லை. தலையில் பழம், கன்னத்தில் சிவப்புக் கோடு.

“இத்தனை நாள் நாற்காலியில உக்காந்து என்ன கிழிச்சேன்னே தெரியலம்மா” என்றார். உண்மையாகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. “ரெண்டு பெரியவங்க இருந்தே முழி பிதுங்குது. ஒருத்தர் எப்படி?”

“அதைப் பேப்பர்ல எழுதுங்க சார்.”

எழுதினார். ‘ஒருவர் போதும்’ என்பதை அழுத்தமாக அடித்துவிட்டு, ‘இருவர் கட்டாயம் தேவை. இருவருக்கும் மாதம் தவறாமல் சம்பளம் தர வேண்டும். மூன்றாமவர் கிடைத்தால் புண்ணியம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘புண்ணியம்’ அரசாங்கத் தாளில் வரலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வந்தால் வரட்டும்!

அம்மா தாளை இரண்டு தடவை படித்தார். ஈரம் காய ஊதி, பத்திரமாக மடித்து அவரிடமே கொடுத்தார். பிறகு பின்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“போதும்டி, வெளியே வா. சார் கையெழுத்துப் போட்டுட்டார்!”

கதவு திறந்தது. இடுப்பில் துண்டைச் செருகியபடி வெளியே வந்த இளம்பெண், “இங்க வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்துல, ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல உக்காந்திருந்தது இன்னிக்குத்தான் அக்கா!” என்றாள்.