மூடி போட்டு எடுத்த படம்

"சீக்கிரம், மேனேஜர் வர்றார்!" என்று நாற்காலியிலிருந்து கணவன் விரட்ட, அவள் லென்ஸ் மூடியை மறுபடி இறுக்கினாள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய புது கேமரா சென்சார் இன்று தேறாவிட்டால் இருவருக்குமே வேலை போய்விடும்.

மூடி போட்டு எடுத்த படம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். ஆனால் ஓரத்தில், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கறை.

"சென்சார் கோளாறுதான். வழக்கம்போல எல்லாப் படத்துலேர்ந்தும் இந்தக் கறையைக் கழிச்சிடு. அப்புறம் எந்தப் படத்துலயும் அது வராது."

"ஆள் மாதிரி இருக்குங்க..."

"கறைக்கெல்லாம் பாவம் பார்ப்பியா, மகாராணி?"

அவள் கழித்தாள். மூடியைக் கழற்றி அறையைப் படமெடுத்தாள். துல்லியம்!

"ஜெயிச்சிட்டோங்க!" என்று திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

கதவைத் திறந்த மேனேஜர், திரையைப் பார்த்துக் கைதட்டினார்.

"தனி ஆளா சாதிச்சிட்டீங்களே, மேடம்! இனிமேலாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்குங்க."