ஜெபகுமாரி மாமியின் இடம்

ஞாயிறு ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கிறது. பெண்கள் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே பெமிலா உட்கார்ந்திருக்கிறாள். அது ஜெபகுமாரி மாமியின் இடம் என்பது சபைக்கே தெரியும். கல்லூரியில் உளவியல் படிக்கிறவளுக்கு இது ஒரு சோதனை: ஒருவர் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்? முறைப்பார் என்பது அவளுடைய கணிப்பு. ஆராதனை முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் சோதனை கெட்டுவிடும். பின்பெஞ்சில் தோழி பெபிஷா பாட்டுப்புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாமி வந்து நிற்கிறார். சன்னல் வெயில் அவர் சேலைக்கரையில் மின்னுகிறது. “என்ன மக்கா, தலை சுத்துதா? விசிறிக்குக் கீழ இருந்தும் மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு.” பெமிலா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். “பேசக்கூட முடியலியா? ஏட்டி, நீ அங்கனயே இரி. காத்து நல்லா படட்டு.” மாமி பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடுகிறார். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க தீனத்த மாத்தித் தாரும்.” இல்லாத நோய்க்கான ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. மாமி இருக்கும் ஓரத்துக்கு விசிறிக் காற்று எட்டவில்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குகிறது. பெமிலா ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்த முகத்தையே பார்க்கிறாள். ஜெபம் முடிகிறது. மாமியின் கை அவள் கையை விடாமல் காத்திருக்கிறது. “ஆமென்” என்கிறாள் பெமிலா.