முப்பத்தோராம் நாள்

பூசைக் கொப்பியை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு அமைச்சு அதிகாரி சிரித்தார்.

வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றக் குழுவின் முன்னால், காலையிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

குழுவுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. எய்ட்ஸ் வார்டுகளுக்கு மருந்தும் ஆட்களும் அனுப்பச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது எண்பத்தெட்டு மே பத்தாம் திகதி. ஓர் ஆஸ்பத்திரியின் எய்ட்ஸ் வார்டில் ஏழு பேர் இறந்தது அதற்கு முன்னரா, பின்னரா?

பின்னர்தான் என்றது அமைச்சு. வார்டுப் பதிவேடு கட்டடம் மாறியபோது தொலைந்துவிட்டதாம்.

மிஞ்சியது இந்தக் கொப்பி.

வார்டைத் துடைக்கும் எமில்டா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஆங்கிலேயக் கத்தோலிக்கக் கோவிலில் ஏழு பேருக்கும் பூசை கேட்டிருந்தாள். பெயரையும் பூசைத் திகதியையும் பாதிரியார் எழுதி வைத்திருந்தார். பெயர்களை உரக்க வாசிக்கக் கூடாது. அது மட்டும்தான் குழுவுக்கு அவள் போட்ட நிபந்தனை.

முதல் திகதி மே பன்னிரண்டு. கடைசி ஜூன் எட்டு.

துடைப்பக்காரியின் செபங்கள்கூட அரசாங்கத்தின் பக்கம்தான் என்றார் அதிகாரி.

மொழிபெயர்க்க வந்த சிநேகிதி டொலறஸ் அதைத் தமிழில் சொல்லக் கூசினாள். தேவையிருக்கவில்லை. எமில்டா எழுந்துவிட்டாள்.

“உது செத்த நாளில்லை, ஐயா. முப்பத்தோராம் நாள் பூசை. எங்கட மன்னாரில அண்டைக்குத்தான் செத்தவரின்ர ஆத்துமாவுக்கு ஒப்புக்குடுப்பினம். செத்த நாளை ஒண்டெண்டு வைச்சு எண்ணிப் பாருங்கோ.”

டொலறஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், பின்வரிசையில் பாதிரியார் தலையாட்டினார்.

குழுத் தலைவர் நாள்காட்டியை விரித்தார். பென்சில் நுனி ஜூன் எட்டிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் நடந்தது.

மே ஒன்பதில் நின்றது.

கடைசியாகப் போனவரே உத்தரவுக்கு முதல் நாள் போயிருந்தார். மற்ற ஆறு பேரும் அதற்கும் முன்னர்.

அதிகாரி தண்ணீர்க் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனார். அது வெறுங்கிளாஸ்.

ஏழு பேர் காத்திருந்தார்கள், அரசாங்கம் வரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் தலைவர். கதவோரம் நின்ற தாதிகள் கைதட்டினார்கள். காவலாளி தடுக்க மறந்துபோனான்.

வெளியே வந்ததும் டொலறஸ் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

“அந்தாளின்ர முகத்தைப் பாத்தீங்களே அக்கா! வீட்டை போன உடன கனடாவில இருக்கிற மகனுக்குப் போன் எடுங்கோ. அம்மா அரசாங்கத்தையே மடக்கிப்போட்டா எண்டு சொல்லுங்கோ!”

எமில்டாவும் சிரித்தாள். கைப்பையிலிருந்து கொப்பியின் பிரதியை எடுத்து, ஏழாவது பெயரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மன்னாரில், தன் கைக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், அவளே தேடிப் பிடித்த பெயர் அது.

“சொல்லிப்போட்டன்” என்றாள்.