வடகிழக்கு வேண்டாம்

"அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்" என்று கோபத்தில் எல்லோரும்தான் சொல்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றக் காம்பஸ் வாங்கியவர், எனக்குத் தெரிந்து, பெங்களூர் சாமராஜப்பேட்டை சுந்தரராமன் ஒருவர்தான்.

அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். ஒரே மகள் ருக்மிணி, மர்பி டவுன் வாத்தியார் சில்வெஸ்டரை மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா அன்றே அவளைத் தலைமுழுகினார்.

தலைமுழுகினால் மட்டும் போதாது என்றார் அடுத்த வீட்டு வெங்கடகிருஷ்ணன். தெருவின் ஆசாரத்தை யாரும் கேட்காமலே காவல் காத்து வந்தவர். அவர் மனைவி கிண்டும் பிரசவ லேகியத்துக்குப் பேட்டை முழுக்கப் பெயர். வெங்கடகிருஷ்ணன் வாயிலிருந்து வருவது மட்டும் எப்போதும் கஷாயம்.

"அவ இருக்கிற திக்கையே பார்க்கப்படாது ஓய். சத்தியம் பண்ணும்" என்று நாலு பேர் நடுவில் சுந்தரராமனிடம் கையடித்து வாங்கிக்கொண்டார்.

சத்தியம் செய்தாயிற்று. அந்தத் திக்கு எது என்று துல்லியமாகத் தெரிய வேண்டாமா?

ஜெர்மன் சண்டையில் மிஞ்சிய பட்டாளத்துச் சாமான்களைக் கன்டோன்மென்டில் விற்றுக்கொண்டிருந்தார் இமாம் சாயபு. அவர் கடையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பொறுக்கினார் சுந்தரராமன். ஊசி ஆடி அடங்க நேரமாகிறது என்று ஒன்றைத் தள்ளினார். மூடி இல்லை என்று இன்னொன்றை ஒதுக்கினார். கடைசியில் ஒரு பித்தளைக் காம்பஸ், பெட்டியை எப்படித் திருப்பினாலும் வடக்கை விட்டு அசையவில்லை. பிடிவாதத்தில் நம் ஜாதி என்று தோன்றியிருக்க வேண்டும், வாங்கிவிட்டார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க சாப். இரும்பு கிட்ட இருந்தா ஊசி பொய் சொல்லும்" என்றார் சாயபு.

அன்றே சாவிக்கொத்து மனைவி அனந்தலக்ஷ்மியின் இடுப்புக்குப் போயிற்று. பேனாக்கத்தி மேஜைக்குள் போயிற்று. கோட்டுப் பையில் குண்டூசிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டார் சுந்தரராமன்.

மர்பி டவுன் வடகிழக்கு என்று முடிவாயிற்று. கட்டில் திரும்பியது. ஒரு ஜன்னல் நிரந்தரமாக மூடப்பட்டது. வடகிழக்கு என்றால் ஈசானிய மூலை ஆயிற்றே, பூஜை அலமாரி அங்கேதான் இருந்தது. சுவாமிக்கும் டிரான்ஸ்பர் ஆர்டர் போட்டார். அட்டாரா கச்சேரியும் ஏறக்குறைய அதே திக்கில்தான் இருக்கிறது. சம்பளம் வருகிற திக்குக்குத் தோஷமில்லை என்று வெங்கடகிருஷ்ணன் தீர்ப்புச் சொன்னார்.

மற்றபடி, தெருமுனைக்குத் தெருமுனை நின்று காம்பஸைத் திறந்து பார்த்துத்தான் திரும்புவார் சுந்தரராமன். கறிகாய் வாங்கப் போனாலும் அப்படித்தான். வைராக்கியம் என்றால் இதுவல்லவா வைராக்கியம் என்று பேட்டையே மெச்சியது.

இந்தச் சமயத்தில் ருக்மிணிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அடுத்த வீட்டு மாமி கிணற்றடியில் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அனந்தலக்ஷ்மி அழுதாள். ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினாள்.

"எனக்குப் பொண்ணே கிடையாது. பேத்தி எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவரும் வெங்கடகிருஷ்ணனும் லால்பாகில் நடக்கிற நாள். நடந்து களைத்தபின் வடகிழக்குக்கு முதுகு காட்டி ஒரு பெஞ்சில் உட்காருவார்கள்.

"எடும் காம்பஸை" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"இன்னிக்கு வேண்டாமே. வெயில் ஏறிடுத்து."

"நியமம்னா நியமம்."

சுந்தரராமன் தயங்கித் தயங்கித் திறந்தார். ஊசி வடக்கை விட்டுவிட்டு அவர் வயிற்றைக் காட்டியது. அவர் திரும்பி நின்று பார்த்தார். ஊசியும் கூடவே திரும்பி மறுபடி வயிற்றையே காட்டியது.

"கெட்டுப்போச்சு. சாயபு ஏமாத்திட்டான். இப்பவே கன்டோன்மென்ட் போய் அவனை ஒரு கை பார்த்துட்டு வரேன். நீர் ஆத்துக்குப் போம்."

"ஓய், கோட்டுப் பையிலே என்ன?"

"ஒண்ணுமில்லே."

வெங்கடகிருஷ்ணன் கையை விட்டு எடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றிய பழைய இரும்புப் பாக்குவெட்டி.

சுந்தரராமன் வெற்றிலை பாக்கைத் தொடாதவர் என்பது ஊருக்கே தெரியும். பச்சைக் குழந்தையைக் காத்து கருப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள், அதற்கு வீட்டுப் பாக்குவெட்டியைத்தான் எடுப்பார்கள் என்பதும் ஊருக்கே தெரியும்.

சுந்தரராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். சத்தியமும் போயிற்று, மானமும் போயிற்று.

"ருக்கு பொறந்தப்போ தொட்டில்லே வெச்சது இதுதான்" என்றார்.

வெங்கடகிருஷ்ணன் பாக்குவெட்டியைத் துணியில் பத்திரமாகச் சுற்றித் தம் பையில் போட்டுக்கொண்டார். விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்து ஒரு ஜட்காவைக் கூப்பிட்டு, மர்பி டவுன் போக வேண்டும் என்றார்.

பின்னாலேயே ஓடிவந்து ஏறிய சுந்தரராமன் காம்பஸைத் திறந்தார்.

"அதை மூடும் ஓய். வீடு எனக்குத் தெரியும். நேத்துதான் லேகியம் கொடுத்துட்டு வந்தேன்."