ஏரிக்கரைப் பலகை

ஏரிக்கரைப் பாதையை மூடிவிட்டு கார் நிறுத்துமிடம் கட்ட நகராட்சி தீர்மானம் போட்டது. "பொதுமக்களுக்குத் தடை" என்று பலகை எழுதும் வேலை பெயிண்டர் சவரிராயனுக்கு வந்தது. மறுநாள் காலை ஓவர்சியர் பரமானந்தம் போய்ப் பார்த்தால், கரையெல்லாம் திருவிழாக் கூட்டம். பலகையில், "பொதுமக்களுக்கு நடை."

"என்னய்யா எழுதி வச்சிருக்கே?"

"கை தவறிடுச்சு சார். ‘த’ போடுற இடத்துல ‘ந’ விழுந்துருச்சு."

பரமானந்தம் மறுபடி வாசித்தார். தடைக்கு முன்னால் வர வேண்டிய ‘த்’தையும் காணோம். கை தவறியவனுக்கு ஒற்று மட்டும் தவறவில்லை. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்பவே மாத்திடவா சார்?"

"பெயிண்ட் நல்லாக் காயட்டும்யா" என்றவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார்.